ஒன்றிலிருந்து நான்கு வரை சாவடி மூடியிருக்கும்

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் கடலைப் பார்க்க வருவார்கள், ரொட்டி தின்ன வருவார்கள், மஞ்சள் சுவர் முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்ள வருவார்கள். நான் சண்டை போட வந்தேன். முத்தியால்பேட்டையில் பேட்டரிக் கடை வைத்திருக்கிற ஒரு மனிதர், தன் கடையிலிருக்கும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைத் தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு அணைத்துவிட்டு நாலு மணிக்குத்தான் திரும்பப் போடுகிறார். அதை நிறுத்தச் சொல்லத்தான் மலேசியாவில் ஈப்போவிலிருந்து விமானம் ஏறினேன். என் வீட்டுக்காரர், "பாம்புக்காகப் பாண்டிச்சேரி போற முதல் ஆளு நீதான்" என்று சொல்லித்தான் வழியனுப்பினார்.

பாம்பு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் எங்களுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. பல வருஷத்துக்கு முன் எங்கள் வாஷிங் மெஷினுக்குள் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. அது என்ன பாம்பு, கடித்தால் செத்துப்போவோமா என்று கேட்க ஒரு நாதி இல்லை. அந்தக் கோபத்தில் ஒரு பெரிய சமூக ஊடகத் தளத்தில் 'பாம்பா பாரு' என்று ஒரு குழு ஆரம்பித்தேன். யாராவது படம் போட்டுக் கேட்டால் விஷயம் தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். எனக்குப் பாம்பைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. படத்தையே விரல் இடுக்கு வழியாகத்தான் பார்ப்பேன். பதில் சொல்வது பக்கத்து ஊரான தைப்பிங்கில் இருக்கும் குமரேசன் சார், பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் வெறும் குழுத் தலைவி, கூட்டத்தைக் கட்டி மேய்க்கிற வேலை.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு யாருக்கு எதை எப்போது காட்டுவது என்று அந்தத் தளமே முடிவுசெய்ய ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை போட்ட பாம்பு எங்களுக்குச் சனிக்கிழமை வந்து சேரும். நடுவில் யாரென்றே தெரியாதவர் கல்யாணம், ஒரு குக்கர் விளம்பரம், மறுபடி அதே குக்கர். பாம்புப் படம் வந்தாலும் 'மனத்தைப் பாதிக்கக்கூடியது' என்று மங்கலாக்கி வைத்திருக்கும். பாம்பின் முகம் தெரிந்தால்தானே ஐயா அது யாரென்று சொல்ல முடியும்!

லெட்சுமி அக்கா தோட்டத்து வீட்டில் தனியாக இருப்பவர். அடுப்புக்குக் கீழே பாம்பு என்று படம் போட்டிருந்தார். எங்கள் கண்ணில் அது ஐந்து நாள் கழித்துப் பட்டது. அதற்குள் அவர் ஆஸ்பத்திரியில். பிழைத்துக்கொண்டார், ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். "நான் கேட்டேனே பரமேஸ், யாரும் ஒண்ணும் சொல்லலயே" என்று என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. கம்பெனிக்கு எழுதினேன், திரும்பத் திரும்ப எழுதினேன். ஒவ்வொரு தடவையும் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரு சிரித்த முகம் வந்தது. அந்த முகத்தை மட்டும் நேரில் பார்த்திருந்தால் ஓர் அறை விட்டிருப்பேன்.

அப்போதுதான் குமரேசன் சார் 'சாவடி'யைக் கண்டுபிடித்தார். இதற்கு முதலாளிக் கம்பெனி கிடையாது. மென்பொருள் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டலாம், தன் சட்டத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டில் இருப்பவர் இன்னொரு வீட்டில் இருப்பவரோடு பேசவும் முடியும். அப்படிப் புதுச்சேரிக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் வீடுதான் சாவடி. போட்டது போட்ட வரிசையில் வரும், குக்கர் வராது. குழுவைக் கெஞ்சிக் கூத்தாடி அங்கே கொண்டுபோனேன். பாதிப் பேர் வந்தார்கள். முதல் நாள் மூன்று பாம்பு, மூன்றுக்கும் பத்து நிமிஷத்தில் பதில். சந்தோஷத்தில் கடையில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் எங்கள் ஊர் நேரம் மூன்றரைக்கு மொத்தமும் காணாமல் போயிற்று. ஒரு வெள்ளைப் பக்கம், அதில் ஒரே வரி: 'ஒன்றிலிருந்து நான்கு வரை சாவடி மூடியிருக்கும்.' புதுச்சேரி நாலு மணி என்றால் எங்களுக்கு ஆறரை. எங்கள் ஊரில் மழை விட்டு, பெண்கள் துணி எடுக்கக் கொல்லைப் பக்கம் போகிற நேரமே அதுதான். பாம்பும் அப்போதுதான் வெளியே வரும். காட்டமாக ஒரு கடிதம் எழுதினேன். ஆறரை தாண்டிப் பத்து நிமிஷத்தில் ஒரு மனிதர் பதில் போட்டார்: 'நேர்ல வந்தா பேசலாம்க்கா. மதியத்துல மட்டும் வராதீங்க. ஜமால்.'

வந்துவிட்டேன்.

முதல் நாள் காலை, பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் அறை எடுத்து, இட்லியும் வடைகறியும் சாப்பிட்டேன். வடைகறிக்கு நூற்றுக்கு நூறு. காப்பிதான் மூன்று வாயில் தீர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் கோப்பி கேட்டால் குழந்தையைக் குளிப்பாட்டுகிற அளவுக்குக் குவளையில் தருவார்கள். சண்டைக்கு வேண்டிய வாசகங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு ஒன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆட்டோ பிடித்தேன்.

"முத்தியால்பேட்டையா? இந்நேரத்துக்கா?" என்றார் ஓட்டுநர்.

"ஏங்க, என்னா?"

"ஒண்ணும் இல்ல, குந்துங்க."

தெரு முழுக்கக் கடைகள் ஒவ்வொன்றாகக் கதவை இறக்கிக்கொண்டிருந்தன. மருந்துக் கடை, பாத்திரக் கடை, தையல் கடை எல்லாம் சொல்லிவைத்தாற்போல. எங்கள் ஊரில் கடையை இப்படி மூடினால் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம். பேட்டரிக் கடையைக் கண்டுபிடித்தபோது கட்டம்போட்ட கைலி கட்டிய ஒருவர் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, நல்ல கனத்த உடம்பு.

"ஜமால் பாய்!" என்று தெருவே திரும்பக் கூப்பிட்டேன்.

"அக்கா, மணி ஒண்ணு பத்து."

"நான் மலேசியாலேர்ந்து வர்றேன்!"

"தெரியும்க்கா. மதியத்துல வராதீங்கன்னு எழுதியிருந்தனே. சாப்ட்டீங்களா?"

இல்லை என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். "அப்ப மேல வாங்க" என்று மாடிக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவி நூர்ஜஹான் தேங்காய்ப்பால் சோறும் கறிக்குழம்பும் வைத்தார். சண்டை வாசகங்கள் எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து, வாயில் சோறு இருந்ததால் திரும்பிப் போயின. மூன்றாம் தடவை குழம்பு ஊற்றியபோது எனக்கே வெட்கமாக இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் நூர்ஜஹான் ஒரு பாயை விரித்து, "சித்த கண்ண மூடுங்கக்கா, நாலு மணிக்குப் பேசிக்கலாம்" என்றார். எதிரி வீட்டில் படுப்பதா என்று யோசித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. விழித்தபோது மணி நாலு இருபது. நூர்ஜஹான் தேநீரோடு நின்றுகொண்டிருந்தார்.

கீழே கடையில் இன்வெர்ட்டர் பேட்டரிகளுக்கு மேலே, அலமாரியில், டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதற்குப் பூப்போட்ட துணி உறை வேறு. "இதுதான் சாவடி" என்றார் ஜமால் பாய்.

"கரண்டு போனா?"

"போனா போவட்டும். சுத்தி பேட்டரிதான. ராப்பகல் தாங்கும்."

"அப்புறம் ஏன் பாய் மத்தியானத்துல அணைக்கிறீங்க? நீங்க தூங்குங்க, வேணாங்கல. அது ஏன் தூங்கணும்?"

"அது கரண்டு சமாச்சாரம் இல்லக்கா, ஆள் சமாச்சாரம். எங்க மதாம் ஒருத்தவங்க இருக்காங்க, அவங்க சொல்வாங்க, நாளைக்கு. ஆனா ஒண்ணு, உங்களுக்கு இது சரிப்படலன்னா உங்க குரூப்பு மொத்தத்தையும் இப்பவே எடுத்துக் குடுத்துடறேன். ஈப்போல ஒரு பெட்டி வெச்சி நீங்களே ஓட்டுங்க. நாங்க இங்கேர்ந்து பேசினா உங்களுக்குக் கேக்கும், நீங்க பேசினா எங்களுக்கு. யாரையும் விட்டுட்டுப் போவ வேணாம்."

மேசை டிராயரைத் திறந்து ஒரு பென்டிரைவை எடுத்து என் முன்னால் வைத்தார். அந்தப் பெரிய தளத்தில் நானே எடுத்த படங்களை நான் கேட்டதற்கு, நீ யார், நீதான் நீயா என்று மூன்று தடவை விசாரித்துவிட்டு, கடைசியில் திறக்கவே திறக்காத ஒரு கோப்பைக் கொடுத்தார்கள். இங்கே ஒரு மனிதர் கேட்காமலே வாசலைத் திறந்துவிடுகிறார். ஆனாலும் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சண்டை போட வந்தவளிடம் மூட்டையைக் கட்டிக்கொள் என்றால் வராதா?

"என்னைத் துரத்துறீங்களா பாய்?"

"ஐயய்யோ, இல்லக்கா. இது உங்க பொருள், அதான் சொன்னேன்."

"எனக்கு டிவி ரிமோட்டுல பேட்டரி மாத்தத் தெரியாது."

அவர் பென்டிரைவை டிராயரில் திரும்ப வைத்தார். "அதுக்குத்தான் கடை வெச்சிருக்கேன்" என்றார்.

இரண்டாம் நாள் காலையில் பெரிய மார்க்கெட்டில் மதாமைச் சந்தித்தேன். பெயர் ஒர்த்தான்ஸ். வயது எழுபதுக்குப் பக்கம். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து காலமானவர். சாவடியில் யார் என்ன எழுதினாலும் படித்துப் பார்த்து, தப்பானதை நீக்குகிற பொறுப்பு மதாமுடையது. மீன் கடை வரிசையில் கையில் கூடையோடு நின்றபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் பாம்பா? வா."

அந்தப் பெரிய தளத்தை அவர் விட்ட கதையை முதலில் சொன்னார். ஒருநாள் திடீரென்று, நீங்கள் உண்மையான ஆள்தானா என்று கேட்டதாம். முகத்தை இடது பக்கம் திருப்பு, வலது பக்கம் திருப்பு என்றதாம். திருப்பியிருக்கிறார். கடைசியில், இது நீங்கள் இல்லை என்று சொல்லிவிட்டதாம். "என் வீட்ல, என் நாற்காலில குந்திகினு இருக்கறேன். நான் நான் இல்லியாம். போடான்னுட்டேன்" என்றார்.

பக்கத்தில் வெள்ளைக்கார ஜோடி ஒன்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தது. என்ன பேசுகிறார்கள் என்று மதாமிடம் கேட்டேன். "அந்தம்மா சொல்றா, சீக்கிரம் வாங்கு, மத்தியானம் மூடிடுவாங்கன்னு. அவன் சொல்றான், நம்ம ஊர்லயும் இதே தொல்லை, அதுலேர்ந்து தப்பிக்கத்தான் வந்தேன்னு."

பிறகு நான் வந்த காரியத்துக்கு வந்தார். ஒரு வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முன்ன நாங்களும் மூடறது இல்ல. ஒரு நாள், மத்தியானம், இதே வஞ்சிரக் கொழம்பு. சாப்ட்டுத் தூங்கறேன். ஜமாலும் தூங்கறான். தெருவுல பிளாஸ்டிக் கொடம் விக்கறவன் ஒருத்தன். எவனோ அவன போட்டோ புடிச்சி, புள்ள புடிக்கறவன்னு சாவடில போட்டான். ஏம்மா, இதுவா இன்னிக்கு வந்த மீனு? கண்ணு உள்ள போயிருக்குது பாரு. நோ, வேற காட்டு. நாலு மணிக்கு எழுந்து பாக்கறேன், ஊரே அத எடுத்து எடுத்துப் போட்டிருக்குது. அதுக்குள்ள அவன நடுத்தெருவுல நிக்க வெச்சி அடிச்சிட்டாங்க. மேல் பல்லு ரெண்டு போச்சி."

மீன்காரம்மா கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெரிய கம்பெனில இல்ல. எங்க சாவடில. நாங்கல்லாம் நல்லவங்கன்னு நெனச்சிகினு இருந்தோம்." மதாம் மீனைக் கூடையில் போட்டார். "அன்னிக்கி முடிவு பண்ணோம். கல்லால ஆள் இல்லன்னா கடைய மூடணும். வுவாலா. அவ்ளோதான்."

நான் லெட்சுமி அக்காவின் விரலைப் பற்றிச் சொன்னேன். கடை மூடிக் கிடந்தாலும் உயிர் போகும் மதாம் என்றேன். அவர் மீனுக்குக் காசை எண்ணிக் கொடுத்தார். "நாளைக்கு உப்பளத்துல கூட்டம். வந்து இத சொல்லு" என்றார். அதோடு கூடையை என் கையில் கொடுத்துத் தூக்கிவரச் சொன்னார். மலேசியாவில் எனக்குக் கடையில் இரண்டு ஆள் வேலை செய்கிறார்கள் என்று அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கூட்டத்துக்குப் போக ஷேர் டெம்போ ஏறினேன். உப்பளம் போகுமா என்று கேட்டதற்கு ஓட்டுநர் தலையை ஆட்டினார். அது ஆமாம் தலையாட்டலா இல்லை தலையாட்டலா என்று மலேசியாக்காரிக்குத் தெரியாது. இருபக்கமும் பூ மூட்டை, மடியில் யாரோ ஒருவருடைய குழந்தை. இருபது நிமிஷம் கழித்து, கடல் எந்தப் பக்கம் என்றே தெரியாத ஒரு வயல் ஓரத்தில் கடைசி நிறுத்தம் என்று இறக்கிவிட்டார்கள். குழந்தையை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அங்கிருந்து இன்னொரு டெம்போ, பிறகு ஆட்டோ. கூந்தலில் ஒட்டிய சாமந்தியோடு கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அரை மணி நேரம் தாமதம்.

விளையாட்டுச் சாமான் கடைக்கு மேலே ஒரு கூடம். முப்பது பேர் இருப்பார்கள். சாவடியின் முதலாளி யாரென்று கேட்டால் இந்த முப்பது பேரும்தான். மாதம் ஒருமுறை கூடிக் கைதூக்கி முடிவெடுப்பார்கள். மதாம் ஒரு தடித்த நோட்டில் நடப்பதையெல்லாம் பிரெஞ்சில் எழுதுவார். அவரைத் தவிர ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது, ஆனால் போன மாதக் குறிப்பு சரியா என்று கேட்டால் எல்லாரும் சரி என்று கைதூக்குகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு டீச்சரிடம் நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன். "எங்கப்பா தவறி ரெண்டு வருஷம் ஆவுது. அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொல்லு சொல்லுன்னு அந்தப் பெரிய தளம் ஒவ்வொரு வருஷமும் என்னைக் கேக்குது. யார்கிட்ட சொல்றது, இறந்துட்டாருன்னு? ஆள் இருந்தாத்தான சொல்ல" என்றார். அவர் முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் கம்பெனி அனுப்பிய அந்தச் சிரித்த முகம் ஞாபகம் வந்து பற்றிக்கொண்டு வந்தது.

என் முறை வந்தது. எழுந்து லெட்சுமி அக்கா கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்துவிட்டது. பாம்பு ஒன்றிலிருந்து நான்கு வரை கதவைச் சாத்திக்கொண்டு படுக்குமா என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். ஜமால் பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். ஒல்லி, தலையில் துண்டு. "நான் ஏழுமலைங்க. கொடம் விக்கறேன்" என்றார். அவர் பேசும்போது மேல் பல் இரண்டு மட்டும் மற்றதைவிட வெளுப்பாகத் தெரிந்தது. மதாம் எழுதுவதை நிறுத்தினார். திறந்து வைக்கக்கூடாது என்று சொல்ல இந்த உலகத்தில் உரிமையுள்ள ஒரே ஆள் அவர்தான்.

"இந்தம்மா சொல்றது நியாயம். தொறந்து வைக்கலாம். எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா யாரு பாக்கறது? அத மட்டும் சொல்லுங்க."

மத்தியானத் தூக்கத்தை விட்டுக்கொடுக்க முப்பது பேரில் ஒருவர் இல்லை. எனக்கு வந்ததே ஆத்திரம். "என்னங்க இது, உங்களுக்குத் தூங்கற நேரம்னா உலகத்துக்கே தூங்கற நேரமா? எங்க ஊர்ல அது சாயங்காலம். மலேசியா முழுக்க முழிச்சிட்டு இருக்கு! நானே கடைல உக்காந்து ஈ ஓட்டிட்டுத்தான் இருக்கேன்!"

"அப்ப நீ பாரும்மா" என்றார் ஏழுமலை.

முப்பது தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்கு அப்போதுதான் என் வாய் என்ன செய்தது என்று புரிந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது, பாம்பே தெரியாது, நான் வெறும் தலைவி என்று உளறினேன். ஒருவரும் கேட்கவில்லை. கைகள் எல்லாம் உயர்ந்துவிட்டன. மதாம் என் பெயரைப் பிரெஞ்சில் எழுதிக்கொண்டிருந்தார். சேவை கேட்டு வந்தவளைப் பிடித்துக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டார்கள். ஊருக்குப் போகும் முன்னால் ஒருநாள் மத்தியானம் இங்கேயே உட்கார்ந்து பார்த்துக் காட்ட வேண்டும் என்றும் தீர்மானம்.

நாலாம் நாள். நூர்ஜஹானிடம், இன்றைக்கு எனக்கு வெறும் ரசம் போதும் என்று காலையிலேயே மன்றாடினேன். பிரியாணி போட்டார். வேண்டாம் என்று சொல்ல முடியாத பிரியாணி. ஒரு மணிக்கு ஜமால் பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "வரேன்க்கா" என்று மாடியேறினார். மதாம் வீட்டுக்குப் புறப்படும்போது சொன்னார்: "எவன் மூஞ்சியாவது போட்டுத் திருடன் கிருடன்னு எழுதியிருந்தா மொதல்ல எடுத்துடு, அப்புறம் கேளு. மத்தபடி, தெரியலன்னா தெரியலன்னு எழுது. சும்மா மட்டும் இருக்காத."

தெருவில் ஒரு சத்தம் கிடையாது. நாய்கூட வண்டிக்கடியில் படுத்துவிட்டது. சாவடி அந்நேரம் திறந்திருக்கிறது என்பதே யாருக்கும் தெரியவில்லை. கடலூரில் இருக்கும் ஒருவரும் எங்கள் நாட்டுக் குவாந்தானில் இருக்கும் ஒருவரும் பிரியாணிக்குக் கத்திரிக்காய் அவசியமா என்று அடித்துக்கொண்டார்கள். இருவரையும் மரியாதையாகப் பேசச் சொன்னேன், இருவரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். அதன்பிறகு அதுவும் நின்றுபோயிற்று. கண் செருகியது. எழுந்து நடந்தேன், முகம் கழுவினேன், பேட்டரிகளை எண்ணினேன். பேட்டரி எண்ணியதுதான் தப்பு.

விழித்தபோது கன்னத்தில் மேசை விளிம்பு பதிந்திருந்தது. திரையில் ஒரு படம். ஆறு நிமிஷத்துக்கு முன்னால் வந்தது.

நனைந்த தரை, ஒரு மிதியடி, அதற்குப் பக்கத்தில் கறுப்பாகச் சுருண்ட ஒன்று. கீழே: 'நான் பாத்ரூமுக்குள்ள இருக்கேன். இது வாசல்ல இருக்கு. என்ன பாம்பு? வீட்ல யாரும் இல்ல. அவர் போன் எடுக்கல. யாராச்சும் இருக்கீங்களா?' மலேசியாவில் சித்தியவான் ஊர்ப் பக்கத்துப் பெண், பெயர் தேவி.

ஆறு நிமிஷம். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாம் தடவை எழுதினேன்: 'இருக்கேன்மா. எனக்கு என்ன பாம்புன்னு தெரியாது. தெரிஞ்சவரைக் கூப்பிடறேன். கதவைச் சாத்து. ஈரத்துண்டைச் சுருட்டிக் கதவுக்கடியில திணி. தீயணைப்புக்குச் சொல்லிட்டியா?'

'சொல்லிட்டேன். அரை மணி ஆகுமாம்.'

குமரேசன் சாருக்கு ஈப்போ எண்ணிலிருந்து போன் போட்டேன். எத்தனை காசானால் என்ன. அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாராம், ஓடிவந்து படத்தைப் பார்த்தார். 'நல்ல பாம்பு. கதவைத் திறக்கவே கூடாது. விரட்டவும் கூடாது' என்று எழுதினார். நானே சுருண்டு விழுந்திருப்பேன், ஆனால் நான் விழுந்தால் கல்லாவைப் பார்க்கக் கடையில் வேறு ஆள் இல்லை.

'அக்கா, துண்டு கிட்ட என்னமோ அசையுது.'

'நீ கதவுலேர்ந்து தள்ளிப் போ. உசரமா ஏதாச்சும் இருக்கா?'

'டாய்லெட் மேல ஏறி நிக்கறேன்.'

'நல்லா நில்லு. வழுக்கிடாதே. என்ன சமைச்சே இன்னிக்கு?'

ஏன் அதைக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. அவள் சொன்னாள். நெத்திலிச் சம்பல். எப்படிச் செய்தாய் என்றேன். புளி எவ்வளவு என்றேன். இடையில் அந்தக் கடலூர்க்காரர் வந்து, 'பயப்படாதம்மா, நாங்க இருக்கோம்' என்றார். குவாந்தான்காரர், சம்பலில் புளி போடவே கூடாது என்றார். தேவி டாய்லெட் மேல் நின்றபடி அவரோடு சண்டை பிடித்தாள். சண்டை போடட்டும், நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். அரை மணி என்றது முக்கால் மணி ஆயிற்று. ஒரு நிமிஷம் பதில் வராவிட்டால் எனக்கு உயிர் போய் வந்தது.

பிறகு பத்து நிமிஷம் ஒன்றுமே வரவில்லை. தேவி, தேவி என்று எழுதிக்கொண்டே இருந்தேன்.

'பிடிச்சிட்டாங்க. சாக்குல போட்டுட்டாங்க. அக்கா இன்னும் இருக்கீங்களா?'

'இருக்கேன்.'

'போயிடாதீங்க. கொஞ்ச நேரம் இருங்க.'

இருந்தேன். அவள் புருஷன் வந்து சேர்கிறவரைக்கும் இருந்தேன். பிறகு மேசையில் தலையை வைத்து, பேட்டரிக் கடையில் யாரும் பார்க்காத தைரியத்தில், வாய்விட்டு அழுதேன்.

நாலு மணிக்கு ஷட்டர் ஏறியது. ஜமால் பாய் கண்ணைத் தேய்த்துக்கொண்டே வந்து, என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார்.

"யாராச்சும் வந்தாங்களாக்கா?"

"ஒரு பொண்ணு வந்தா பாய்" என்றேன். "வீட்டுக்காரர் வர்ற வரைக்கும் பேசிட்டிருந்தோம்."